நெருப்பேறிய நந்தனும் இரயிலேறிய கிந்தனும்

மேலை நாடுகளிலே இசை நாடகத்துக்கென்றே எழுப்பிய மாளிகைகள் உண்டு. 'ஆப்பெரா' என்பர் அக்கலையை. காதலும் பாட்டு, கோபமும் பாட்டு, சாவும் பாட்டு! அத்தகைய மாளிகைகளிலே பெயர் பெற்றது நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அரங்கு. 1883இல் திறக்கப்பட்ட அந்த அரங்கிலே கறுப்பினத்தவர் ஒருவர் முதன்மைப் பாத்திரமேற்றுப் பாட 72 ஆண்டுகள் பிடித்தன. 1955 சனவரி 7ஆம் நாள், வெர்டியின் இசை நாடகமொன்றில் குறி சொல்லும் பெண்ணாக மேடையேறினார் மரியன் ஆண்டர்சன். அப்போது அவருக்கு வயது 57. குரல் கனிந்திருந்த இளமையிலே கதவு திறக்கவில்லை. முதுமை வாசலுக்கு வந்த பிறகே திறந்தது!

இதைப் படித்ததும், "என்ன கொடுமை! அமெரிக்காவிலா இப்படி?" என்று வியப்போர் நம்மிலே உண்டு. வியப்பை அடக்கிக்கொண்டு நம் காவிரிக் கரைக்கு வருமாறு அழைக்கிறோம். இங்கே பளிங்கு மாளிகை இல்லை. ஆனால் இசை நாடகம் உண்டு, கதவும் உண்டு. அந்தக் கதவைப் பற்றியே பாடிய இசை நாடகமும் உண்டு. அதுதான் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திலே பிறந்து, மாயூரத்துக்கு அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே யாத்த நூல் அது. பாகவதர் ஒருவரே நந்தனாகவும் வேதியராகவும் மாறி மாறி நின்று பாடும் காலட்சேபத்துக்கென எழுந்தது, பின்னர் நாடக மேடையேறியது, திரைக்கும் போயிற்று. தஞ்சைத் தரணியின் பெருநாடகம் எதுவெனக் கேட்டால் தயங்காமல் இதையே சுட்டுவோம்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டுவோம். பெரிய புராணத்திலே சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார், ஊரார் விட்ட மானிய நிலத்தில் உண்டு, கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் தந்து வாழ்ந்தவர். அவருக்கு மேலே ஓர் ஆண்டை அங்கே இல்லை. ஆண்டையைக் கொண்டுவந்து நிறுத்தியவர் பாரதியார். நிலமுடைய வேதியர் ஒருவர். அவருக்கு அடிமைப்பட்ட பண்ணையாள் நந்தன். தில்லைக்குப் போய்வர உத்தரவு கேட்கிறான்; மறுக்கிறார். மீண்டும் கேட்கிறான், சீறுகிறார். இந்த வேதியர் எந்தப் புராணத்திலிருந்து வந்தார்? புராணத்திலிருந்து வரவில்லை, தோழர்களே! பாரதியார் நாள்தோறும் கண்ட தஞ்சை வயல்வெளியிலிருந்து வந்தார். பார்ப்பனக் குடியிலே பிறந்த புலவர் ஒருவர், பார்ப்பன மிராசுதாரின் கொடுமையைப் பாட்டிலே வடித்துவைத்தாரே, அது சிறு செயலன்று. பண்ணையடிமை முறைக்கு இதைவிடக் கூரிய சாட்சியம் அக்காலத் தமிழிலே அரிது.

ஆனால் அந்தச் சாட்சியத்தைக் கேட்டவர் யார்? காலட்சேபம் நடந்தது அக்கிரகாரத்துப் பந்தலிலே, கோயில் மண்டபத்திலே. கோயில் நுழைவுச் சட்டங்கள் வருமுன் அந்த மண்டபங்களில் சேரி மக்கள் காலடி வைக்க முடியாது. நந்தன் கதையைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தவர் உள்ளே. நந்தனின் கொள்ளுப் பேரன் வெளியே! உள்ளே வரலாமா என்று மாஞ்சி இராகத்திலே குழைந்து கேட்கும் பாட்டுக்குத் தலையசைத்தவர்கள், வெளியே நின்றவனைப் பார்த்து 'வா' என்று அழைத்ததுண்டா?

குரல்களின் கதைக்கு வருவோம். 1935இல் 'பக்த நந்தனார்' திரைப்படம் வந்தது. நந்தனாக நின்றவர் ஒரு பெண்மணி: கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பாவை 1933இல் இழந்து, வெள்ளுடை பூண்டு, மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவர். அவர் நடிக்கப் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். நாடே வாய்பிளந்த தொகை! வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது. நந்தனாக எம். எம். தண்டபாணி தேசிகர், வேதியராகச் செருகளத்தூர் சாமா. தேசிகர் தஞ்சைத் தரணியின் திருச்செங்காட்டங்குடியிலே பிறந்தவர். தேவாரப் பயிற்சியிலே தேறியவர்.

இருவர் குரலும் இரு வகை. சுந்தராம்பாளின் குரல் ஒலிபெருக்கி வேண்டாத வெண்கலம். அந்தக் குரலிலே நந்தன் கெஞ்சும்போதும் கெஞ்சல் தெரியாது, உரிமைக் குரலே கேட்கும். தேசிகரின் குரல் கனிவு. ஒரு சொல்லும் சிதையாமல், ஓர் எழுத்தும் மங்காமல், பொருள் நேரே நெஞ்சிலே இறங்கும். தமிழிலே பாடினால் இசை குறைந்துவிடும் என்று வாதிட்டோருக்கு இந்த இரு குரல்களே போதிய விடை. குரல்களில் நாம் குறை காணவில்லை. அவை எந்த முடிவை இனிப்பாக்கித் தந்தன என்பதே நம் வழக்கு.

நாடகத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். "நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ" என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் என்றால், நாற்பது வேலி 260 ஏக்கருக்கும் மேல். ஒருவன் செய்யக்கூடியதா? நாடகம் என்ன செய்கிறது? ஆண்டவன் அருளால் ஒரே இரவில் வேலை முடிந்துவிடுகிறது! விடிந்ததும் விளைந்த கதிர். கண்ணுக்குத் தெரியாத கைகளின் வேலை. வேதியர் மனம் மாறுகிறார்.

கண்ணுக்குத் தெரியாத கைகள்! தஞ்சைக் களஞ்சியத்தை ஆண்டுதோறும் நிரப்பியவை எந்தக் கைகள்? விடியுமுன் சேற்றில் இறங்கி, குனிந்த முதுகு நிமிராமல் நாற்று நட்ட கைகளல்லவா? அக்கைகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காணாதிருந்தது மண்டபம். அற்புதம் என்ற பெயராலே அந்தக் குருட்டுத்தனத்துக்குப் பக்திப் பூச்சு பூசிவிட்டது நாடகம். நெல்லை விளைவித்தவன் நந்தன். புகழ் பெற்றவர் ஆண்டவன். நெல்லைப் பெற்றவர் வேதியர்!

முடிவோ இதனினும் கொடிது. தில்லையின் வாசலை அடைந்தவன் அப்படியே உள்ளே போக முடியாது. தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவனாக எழுந்தபின்தான் போகலாம். கோயில் மாறவில்லை, நந்தன் மாறவேண்டியிருந்தது. கதவு அகலவில்லை, உடல் எரிந்தது. இதை வெற்றி என்று மங்களம் பாடி முடிக்கிறார்கள். எரிந்த உடலுக்கு மங்களமா?

கதைதானே என்பீர்களா? 1968 திசம்பர் 25. அதே தஞ்சைத் தரணி, நாகைக்கு அருகே கீழ்வெண்மணி. கூலியாக நெல்லைக் கூட்டிக் கேட்ட உழவுத் தொழிலாளரின் சேரி. உயிர் தப்பக் குடிசையொன்றில் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தீயிட்டுக் கொல்லப்பட்டனர். அந்தத் தீயிலிருந்து எவரும் பூணூலோடு எழுந்து வரவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

இங்கே நாம் நம்மையும் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். வெண்மணியிலே தீ வைத்த கூட்டம் வேதியர் கூட்டமன்று. கோட்டையிலே அன்று அமர்ந்திருந்தது நம் இயக்கத்தின் ஆட்சி. நாடகத்து வேதியரை மேடைக்கு மேடை எள்ளிய நாம், வேதியரின் நாற்காலியிலே வேறு சாதி ஆண்டை வந்து அமர்ந்ததை உரிய நேரத்தில், உரிய வேகத்தில் கண்டோமா? பூணூலைக் கண்டால் சீறவும் மற்ற ஆண்டையைக் கண்டால் தயங்கவும் செய்தால், அது பகுத்தறிவாகாது. பாதி அறிவே ஆகும்.

கதவும் இன்னும் முழுதாகத் திறந்துவிடவில்லை. நந்தன் நின்ற அதே சிதம்பரத்தில், சிற்றம்பல மேடையிலே தமிழில் தேவாரம் பாட முதியவர் ஆறுமுகசாமி நெடுங்காலம் போராடவேண்டியிருந்தது. அரசு ஆணையும் காவல்துறையும் துணை நின்றபின், 2008 மார்ச் 2ஆம் நாளே அவர் பாட முடிந்தது. நியூயார்க் அரங்கின் கதவு 1955இல் திறந்ததை எண்ணி, யாரைப் பார்த்து யார் வியப்பது?

நந்தனுக்கு வேறு வழியே இல்லையா? உண்டு. அதைச் சிரிப்பிலே காட்டினார் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அண்ணா கதை வசனம் தீட்டிய 'நல்லதம்பி' 1949இல் வந்தது. அதிலே நந்தனார் காலட்சேபத்தின் அதே அச்சிலே கிந்தனார் காலட்சேபம் நடத்தினார் அவர். நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் படிக்கப் போக ஏங்கினான். நந்தன் நெருப்பேறினான், கிந்தன் இரயிலேறினான். நந்தன் சோதியிலே மறைந்தான். கிந்தன் படித்து, அதிகாரியாகத் திரும்பி வந்தான். இரண்டிலே எது அற்புதம்?

கலைவாணர் மேடையிலே சொன்னதை அவருக்கு முன்பே மண்ணிலே செய்தவர் சுவாமி சகஜானந்தர். தில்லைக் கோயில் எழுந்து நிற்கும் அதே சிதம்பரத்திலே 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விக் கதவைத் திறந்தார். நெருப்புக்கு அனுப்பப்பட்டவன் பெயரிலே நெடுங்கணக்கு!

ஆகவே, இளைஞர்களே, நந்தனார் கீர்த்தனைகளைக் கேளாதீர் என்று நாம் சொல்லவில்லை. கேளுங்கள்; சுந்தராம்பாளின் குரலிலே கேளுங்கள், தேசிகரின் குரலிலே கேளுங்கள். அவை நம் மொழியின் செல்வம். ஆனால் உள்ளே வரலாமா என்ற பாட்டு ஒலிக்கும்போது, இசையிலே உருகி அமர்ந்துவிடாதீர்கள். உங்கள் ஊரிலே இன்றும் எந்தக் கதவின் முன்னே யார் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். பாட்டுக்கு விடை கைதட்டலன்று. கதவைத் திறப்பதே விடை!