தோமோசோ என்ற இல்லாத பாட்டனார்

'சிபி மருகோ சான்' என்ற ஜப்பானிய அனிமேத் தொடரைச் சிரிப்பதற்காகத்தான் பார்க்கத் தொடங்கினேன். 1970களின் நடுப்பகுதி, சிமிசு என்ற ஊர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை மருகோ, தாய், தகப்பன், அக்கா, பாட்டன், பாட்டி. சாகசம் ஒண்டும் இல்ல. லீவுக்குத் தந்த ஹோம்வேர்க்கைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டுவிட்டு முழு வீட்டையும் அதில் குந்த வைப்பாள். அவ்வளவுதான் கதை.

சகுரா மொமோகோ தன் சிறுவயதை வைத்து 1986இல் சித்திரக்கதையாகத் தொடங்கியது இது. 1990 ஜனவரியில் தொலைக்காட்சிக்கு வந்தது. மருகோவின் முழுப்பெயரும் சகுரா மொமோகோதான்.

தொடரின் உயிர் பாட்டனார் தோமோசோ. பேத்தி கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுவார், அவளோடு சேர்ந்து மருமகளிடம் ஏச்சும் வாங்குவார். மனம் கனத்தால் உள்ளுக்குள்ளேயே ஒரு ஹைக்கூ சொல்லிக்கொள்வார். இப்படியொரு மனிசன் நமக்கும் வாய்க்கவில்லையே என்று ஏங்கினேன். எங்கட அப்பா, வாப்பாவின் வாப்பா, இருமினாலே நாங்கள் ஒளிந்துகொள்வோம்.

பிறகுதான் 1991இல் வந்த மொமோகோவின் கட்டுரைத் தொகுப்பைப் பற்றி அறிந்தேன். தன் சொந்தப் பாட்டனார் அன்பானவரே அல்ல என்று அதில் பச்சையாக எழுதியிருக்கிறார். மௌத்தானவர்களைப் பற்றி நல்லதையே பேசு என்று வளர்ந்தவன் நான், திடுக்கிட்டுப் போனேன். அப்படியானால் தோமோசோ பொய்யா?

யோசித்துப் பார்த்தால், பொய் அல்ல. கிடைக்காத ஒன்றை அவர் தன் மருகோவுக்குக் கொடுத்திருக்கிறார். மருகோ எத்தனை வருடமானாலும் மூன்றாம் வகுப்புதான், வளர்ந்தது எழுதியவர். அந்த வளர்ந்த மனசு கதைசொல்லியின் வறண்ட குரலில் கேட்கிறது. பிள்ளை அழுது முடித்து ஏதோ பாடம் படித்துவிட்டாள் என்று நாம் நினைக்கையில், இல்லை, நாளைக்கும் இதேதான் என்று அது போட்டு உடைக்கும். பழசை இனிப்பாக்கி விற்கும் தொடர்களிலிருந்து இது விலகி நிற்பது இந்த இடத்தில்தான்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. மொமோகோவின் பெற்றோர் நிஜத்தில் மரக்கறிக்கடை வைத்திருந்தவர்கள். தொடரில் அந்தக் கடை இல்லை. தகப்பன் குடித்துக்கொண்டு கிடக்க, தாய் சுமிரே ஏசிக்கொண்டே இருக்கிறாள். கடை இருந்திருந்தால் அந்த ஏச்சுக்குப் பின்னாலிருந்த களைப்பு தெரிந்திருக்கும். பாட்டனாருக்குக் காட்டிய தாராளத்தைத் தாய்க்கும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

மொமோகோ 2018இல், 53 வயதில் காலமானார். தொடர் நிற்கவில்லை. இப்போது அதைப் பேத்தியோடு இருந்து பார்க்கிறேன். நான் இருமினால் அவள் ஒளிவதில்லை. அதற்குத் தோமோசோவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.