புழுதி துடைத்த தாய்: காரைக்காலம்மையார் பதிகப் பாட்டொன்றின் உட்பொருள்

காரைக்காலம்மையார் அருளிய நூல்கள் நான்கும் பதினொன்றாந் திருமுறையுள் அமைந்துள்ளன. அவற்றுள் 101 வெண்பாக்களான் இயன்ற அற்புதத் திருவந்தாதியே அறிஞர் கையில் மிகுதியும் பயில்வது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும், தேவாரப் பதிகங்களுக்கு முற்பட்டவை என்னும் வரலாற்றுச் சிறப்புக்காகவே பெரிதும் எடுத்துக்காட்டப் பெறுகின்றன. பாட்டின் பொருளுள் புகுவோர் சிலரே. வகுப்பில் பாடஞ் சொல்லுங்கால் யாமும் சுடுகாட்டு வருணனை என்ற அளவில் அவற்றைக் கடந்து சென்றதுண்டு. அது பிழையென்று உணர்த்தியது முதற் பதிகத்தின் ஐந்தாம் பாட்டு.

அப்பாட்டின் செய்தி இது: ஒரு பெண்பேய் நிணத்தை விழுங்குகின்றது, வெண்டலை மாலையைப் பூண்டுகொள்கின்றது. பின்னர்த் தன் பிள்ளைக்குக் காளியெனப் பெயரிட்டுச் சீராக வளர்க்கின்றது. அதன் மேற்படிந்த புழுதியைத் துடைத்துப் பால் கொடுத்துப் போய்விடுகின்றது. போன தாய் மீண்டு வாராமையால் குழவி அழுது அழுது உறங்கிவிடுகின்றது. அக்காட்டில் இறைவன் ஆடுகின்றான்.

புறங்காடும் பேயும் தமிழுக்குப் புதியன அல்ல. தொல்காப்பியர் காஞ்சித் திணையுள் காடுவாழ்த்தை ஒரு துறையாக வைத்தார். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சித் தாயிடம் ஓடிவந்து உயிர்விடுகின்றான்; தாய் கோதமை அவனைச் சுமந்துகொண்டு சம்பாபதியிடம் முறையிடுகின்றாள். காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள புகாரின் கதை அது. அங்கும் தாயும் பிள்ளையும் உளர். ஆயின் பேய் அச்சத்தின் உருவாக நிற்க, தாய்மை மனிதர் பக்கமே நிற்கின்றது. கலிங்கத்துப் பரணியின் பேய்களோ பசியும் நகையுமாக அமைந்தவை. அம்மையார் பாட்டில் மட்டும் பேயே தாயாகின்றது. பெயரிடுதல், புழுதி துடைத்தல், பாலூட்டல் ஆகிய மூன்றும் எந்த வீட்டிலும் நிகழும் செயல்கள். இவற்றை நிணத்துக்கும் தலைமாலைக்கும் பின்னர் எவ்வகை இடையீடுமின்றி வைத்த துணிவு வியக்கத்தக்கது.

இரண்டாம் பாட்டையும் இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும். அங்கு ஒரு பேய் கள்ளிக் கிளைகளினிடையே காலை நீட்டிக்கொண்டு, கடைக்கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுகின்றது, சிரிக்கின்றது, துள்ளுகின்றது. பிணஞ்சுடு தீ சுட்டுவிடச் சினந்து, புழுதியை வாரியிட்டு அதனை அவிக்கின்றது. மை தீட்டுவதும் மகளிர் வீட்டுச் செயலே. தீயை அவிக்க வாரிய புழுதியே மூன்று பாட்டுக்கள் கழிந்தபின் குழவியின் மேனியிலிருந்து துடைக்கப்படுகின்றது. இச்சொல்லாட்சி தற்செயலாக நேர்ந்ததென யாம் கருதவில்லை.

அம்மையார் இல்லத்தைத் துறந்து காட்டுக்குப் போனார் என்பது சேக்கிழார் வழிவந்த பொதுக் கருத்து. கணவன் பரமதத்தன் மாங்கனியின் அற்புதங் கண்டு அஞ்சிப் பிரிந்து, பாண்டி நாட்டில் மறுமணஞ் செய்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி எனப் பெயரிட்டான். அவன் குடும்பத்தோடு தம் அடியில் வீழக்கண்டு அம்மையார் தசை உதறிப் பேயுருவை வேண்டினார் என்பது பெரிய புராணம். கணவன் பெயரோ மாங்கனியோ புனிதவதி என்னும் பெயரோ அம்மையார் பாட்டுக்களில் இல்லை. எனவே ஐந்தாம் பாட்டின் குழவியைப் பரமதத்தன் மகளோடு இயைத்துக் காண்பது ஆராய்ச்சி ஆகாது. அவ்வாசை எமக்கும் எழுந்ததென்பதை மறைக்கவில்லை. முதற்பாட்டின் பெண்பேயை அம்மையாரின் தன்னுருவம் என்று கொள்வாரும் உளர். பாட்டு அங்ஙனங் கூறவில்லை. பாட்டால் அறியக் கிடப்பது ஒன்றே: இல்லத்தின் செயல்கள் அம்மையாரால் விடப்படவில்லை, காட்டுக்கு உடன் வந்திருக்கின்றன.

தாய் எங்குச் சென்றாள் என்பதைப் பாட்டு கூறாது. அவளைக் கொடியள் என்றும் கூறாது. குழவி அழுது உறங்கியபின் வருவது பதிகம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் இறுதி. ஆலங்காடு எங்கள் அப்பனது இடம் என்பது அதன் கருத்து. ஏனைப் பாட்டுக்களில் அம்முறைப்பெயர் இறைவனைச் சுட்டும் வழக்குச் சொல்லாகவே செல்கின்றது. இங்கு மட்டும் தாயற்ற குழவிக்கு அருகில் அது விழுகின்றது. தாய் போன இடத்தில் தந்தை ஆடிக்கொண்டிருக்கின்றான். குழவியை எடுத்தான் என்றோ ஆற்றினான் என்றோ சொல்லப்படவில்லை. அந்தாதியின் தொடக்கத்தில், இடர் களையாவிடினும், இரங்காவிடினும், நெறி காட்டாவிடினும் தம் நெஞ்சின் அன்பு அறாது என்று உரைத்தவரும் இவரே. அங்கு நெஞ்சைக் கொண்டு கூறியதை ஈண்டுக் குழவியைக் கொண்டு காட்டுகின்றார். கூத்தை ஐந்தொழிற் குறியாகக் கொண்டு விளக்குவது பிற்காலச் சித்தாந்த நோக்கில் பொருந்தலாம். ஆயின் அவ்விளக்கம் முந்தினால் குழவியின் அழுகை செவியில் விழாது.

கயிலையில் இறைவன் அம்மையே என அழைக்க, இவர் அப்பா என்று விளித்தார் எனச் சேக்கிழார் பாடுவது இப்பதிகத்தின் முறைப்பெயரை உளங்கொண்டே ஆகலாம் என்பது எம் கருத்து. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் இவரைப் பேயார் என்றே குறித்தார். அம்மையாரும் முத்திரைப் பாட்டில் தம்மைக் காரைக்காற் பேய் என்றே கூறிக்கொள்கின்றார். உருவம் போயிற்று, ஊர் போகவில்லை.

அவ்வூரில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்து, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சார்ந்த காரைக்காலில், மாடிகளிலிருந்து மக்கள் மாங்கனிகளை இறைக்கின்றனர். பிள்ளைப்பேறு வேண்டும் மகளிர் அக்கனியை மடியில் ஏந்திக்கொள்கின்றனர். கனி சேக்கிழார் கதையில் உள்ளது. பிள்ளை ஏக்கம் அக்கதையில் புனிதவதிக்குச் சொல்லப்படவில்லை. பிள்ளை இருப்பது ஆலங்காட்டுப் பதிகத்தின் ஐந்தாம் பாட்டில், புழுதி துடைக்கப்பெற்று, அழுது உறங்கியபடி.