பதிவேட்டை யார் வாசிப்பது?

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்றொரு கிராமம். 1994 டிசம்பரில் அங்கே ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலை உரக்க வாசித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று பெயர் பெயராக வாசிக்கப்பட, அந்தப் பெயருக்கு உரியவர்களே எழுந்து, தாங்கள் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று சொன்னார்கள். சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும் தோழர்களும் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு நடத்திய முதல் ‘ஜன் சுன்வாய்’ (மக்கள் விசாரணை) அது. பஞ்சாயத்துக் கணக்கின் நகலைக் கொடு என்று 1996இல் பியாவரில் வாரக்கணக்கில் தர்ணா இருந்தவர்களும் இவர்கள்தாம். 2005இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வேர் இந்தக் கூலிப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு 1997லேயே ஒரு சட்டம் இயற்றி முந்திக்கொண்டது உண்மை. ஆனால் விதிவிலக்குகள் மலிந்த அந்தச் சட்டத்தால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

இலங்கையின் சட்டம் வந்த வழி வேறு. பத்திரிகை ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் 1998ஆம் ஆண்டின் கொழும்புப் பிரகடனத்திலிருந்து கேட்டு வந்த ஒன்று அது. 2004இல் அமைச்சரவை ஒரு வரைவுக்கு ஒப்புதல் கொடுத்தது. பாராளுமன்றம் கலைந்ததோடு அதுவும் போயிற்று. 2011இல் எதிர்க்கட்சி உறுப்பினர் கரு ஜயசூரிய கொண்டுவந்த தனிநபர் பிரேரணையைத் தோற்கடித்தார்கள். 2015இல் 19ஆவது திருத்தம் இந்த உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 அன்று நடைமுறைக்கு வந்தது.

பிந்தி வந்ததாலோ என்னவோ, எழுத்தில் இலங்கைச் சட்டமே மேலானது. இந்தியாவில் இந்த உரிமை பேச்சுரிமைக்குள் அடங்கியிருப்பதாக உச்ச நீதிமன்றம் பொருள்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. இலங்கை அரசியலமைப்பில் அது தனி உறுப்புரை. இந்தியாவில் விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய், தமிழ்நாட்டில் அதற்கு நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பலாம். இலங்கையில் விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. அங்கே இந்த உரிமையைக் காக்கும் தகவல் ஆணைக்குழுவின் உறுப்பினர்களை அரசியலமைப்புப் பேரவை பரிந்துரைக்கிறது. அதற்குப் பெயர் கொடுப்பவர்களில் சட்டத்தரணிகள் சங்கமும் ஊடக அமைப்புகளும் உண்டு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 9ஆம் பிரிவு. ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அமைச்சர் அதன் விவரங்களை மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். யாரும் கேட்கத் தேவையில்லை. இது ஒழுங்காக நடக்குமானால் பாதி விண்ணப்பங்களுக்கு வேலையே இராது.

தண்டனையில்தான் நிலைமை மாறுகிறது. இந்தியாவில் காரணமில்லாமல் பதிலை இழுத்தடிக்கும் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையமே அபராதம் போடலாம். அது அவருடைய சம்பளத்திலிருந்து போகும். இலங்கைச் சட்டத்தில் 50,000 ரூபாய் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் ஆணைக்குழு தானாகத் தண்டிக்க முடியாது, நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். பெரிய தண்டனை எட்டாத உயரத்தில் இருக்கிறது; சின்னத் தண்டனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எதற்கு அஞ்சுவார் என்பது தெரிந்ததே. அந்தச் சின்னத் தண்டனையைப் போடவும் இந்திய ஆணையங்கள் தயங்குவதும், இரண்டாம் மேல்முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் இந்தியச் சட்டத்தின் பெரிய சறுக்கல்.

ஆனாலும் இந்தியாவிடமிருந்து இலங்கை எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பதிவேட்டை ஊர் முன்னிலையில் வாசிப்பது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இதைச் சமூகத் தணிக்கை என்று கிராம சபையின் கடமையாகவே ஆக்கியது. அந்தச் சட்டத்தின் நூறு நாள் வேலையில் யாருக்கு எத்தனை நாள் பதிந்திருந்தது என்பது சபையில் வாசிக்கப்பட்டது. பல ஊர்களில் அது சடங்காகிவிட்டதை மறைக்கத் தேவையில்லை. உண்மையாக நடந்த ஊரில், தன் பெயர் வரும்வரை காதைத் தீட்டிக் காத்திருக்கும் பெண்ணுக்கு மனு எழுதத் தெரிய வேண்டியதில்லை.

இலங்கையில் 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பெயர்ப் பட்டியல்கள் வெளிவந்தபோது நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். பட்டியல் மறைக்கப்படவில்லை. மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் வழி இருந்தது. அப்படியும் வடக்கு கிழக்கு உட்பட நாடெங்கும் பிரதேச செயலகங்களின் முன்னால் மக்கள் திரண்டார்கள். மிகவும் வறியவர், வறியவர் என்று பிரித்த அந்தப் பட்டியலில் ஒருவர் ஏன் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஏன் இல்லை என்பதை விளக்க அங்கே ஆளில்லை. முடிவு தெரிந்தது, முடிவுக்கு வந்த வழி தெரியவில்லை. அரைகுறையாகத் திறந்து காட்டினால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. கிராம அலுவலர் பிரிவுதோறும் ஊரைக் கூட்டி, எந்தக் குறிகாட்டிக்கு எவ்வளவு புள்ளி என்று சொல்லியிருந்தால், பெயர் விடுபட்டவர்கூடக் கோபத்தோடாவது அதை ஏற்றுக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இந்தியா இப்போது பின்னுக்குப் போய்க்கொண்டிருப்பது வருத்தம் தருகிறது. 2019 திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் ஒன்றிய அரசின் கையில் கொடுத்தது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவிலேயே கைவைத்தது. தனிநபர் தகவலை மறுக்க முன்பு சில நிபந்தனைகள் இருந்தன. திருத்தம் அவற்றை எடுத்துவிட்டது. பொதுநலனைக் காட்டி வாதாடும் வழி மட்டும் இன்னும் இருக்கிறது. கூலிப் பட்டியல் என்பது பெயர்களின் பட்டியல்தான். பெயரைத் தர மாட்டேன் என்று சொல்ல அலுவலருக்கு இனி ஒரு சாக்கு இருக்கிறது. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தரப் பயன்பட்ட தேர்தல் பத்திரங்களில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதும் தகவல் உரிமை மனுக்களால் வெளிவரவில்லை. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திட்டத்தையே செல்லாது என்று சொன்ன பிறகுதான் வந்தது.

இலங்கையில் இந்தச் சட்டத்துக்கு உண்மையான சோதனை வடக்கில் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே பெப்ரவரியின் 20ஆம் நாள், கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். போரின் இறுதியில், 2009 மே மாதம் வட்டுவாகலில் தங்கள் கண்முன்னே இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்கள் எங்கே என்பதுதான் அவர்களின் கேள்வி. சரணடைந்தவர்கள் பற்றி ஊடகவியலாளர் ஒருவர் இந்தச் சட்டத்தின்கீழ் இராணுவத்திடம் கேட்டார். இராணுவத்திடம் எவரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்று 2019இல் பதில் வந்தது. நடைமுறைப்படி பார்த்தால் அதுவும் ஒரு பதில்தான், கோப்பில் சேர்த்துவிடலாம். பஸ்ஸில் ஏற்றப்பட்ட மகனைக் கடைசியாகப் பார்த்த தாய்க்கு அது, நீ பார்த்ததை நீ பார்க்கவில்லை என்று சொல்வதாகும்.

ஆனால் இலங்கையின் தகவல் ஆணைக்குழு பாராளுமன்றத்தையே பணியவைத்ததும் உண்டு. சொத்து விவரம் ஒப்படைத்த உறுப்பினர்களின் பெயர்களைத் தரும்படி அது 2021இல் கட்டளையிட்டது. 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கொழும்பில் அதைச் செய்ய முடிந்த ஒரு சட்டத்தால் முல்லைத்தீவிலும் செய்ய முடியும். எந்த அணி, எந்த நாள், யாரைப் பொறுப்பேற்றது என்ற ஏடுகள் யாரிடம் இருக்கின்றன என்பதை இராணுவமும் புனர்வாழ்வுப் பணியகமும் ஆளையாள் காட்டாமல், அந்தக் குடும்பங்களின் முன்னால் உட்கார்ந்து பெயர் பெயராகச் சொல்ல வேண்டும்.