டயருக்குள் ஒரு காவல்

டயரில் காற்று பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் குறையும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. வால்வின் அடியிலிருக்கும் சிறு சென்சாருக்குத் தெரியும். சக்கரத்தோடு சுழன்று, சூட்டையும் குலுக்கலையும் தாங்கி, ஒரு சின்ன பேட்டரியின் பலத்தில் பல ஆண்டுகள் அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

சில கார்களில் இந்தச் சென்சாரும் கிடையாது. காற்றிறங்கிய டயரின் உருளும் ஆரம் சற்றே குறைவதால், அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சென்சார்களே அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடுகின்றன. எவ்வளவு அழகான யுக்தி!

நிர்ணயித்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் காரின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாக வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதற்குக் குறைவான இறக்கத்தைக் கண்டுகொள்வது நம் பொறுப்பு. மாதம் ஒருமுறை, டயர் சூடாகும் முன், கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.