குடும்பநல நீதிமன்றங்களில் உணர்வுவழி ஒடுக்குமுறை: ‘மன்னித்து ஏற்றல்’ கோட்பாடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மணவாழ்வில் அன்பையும் அச்சத்தையும் மாறிமாறிக் காட்டி இணையரைத் தன்வயப்படுத்தும் போக்கினை இந்திய நீதிமன்றங்கள் எவ்வாறு நோக்குகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டத்தின் போதாமையைக் காட்டிலும், நிகழ்வுகளைத் தனித்தனியே எடைபோடும் வாசிப்பு முறையே குறைபாட்டிற்குப் பெரிதும் காரணம் என்பது இதன் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: மனக்கொடுமை, குடும்ப வன்முறை, மன்னித்து ஏற்றல், சமரசம், சான்று.

முன்னுரை

உடலில் விழும் அடிக்குத் தழும்பும் மருத்துவச் சான்றும் உண்டு. உணர்வின்மீது நிகழும் ஒடுக்குமுறைக்கு அவை இல்லை. தற்கொலை மிரட்டல், உறவினரிடமிருந்து பிரித்தல், பின்னர் அழுது மன்னிப்புக் கேட்டல் ஆகியன தனித்தனியே நோக்கின் இல்லறப் பூசல்களாகத் தோன்றும். கோவையாக நோக்கின் ஒருவரது தீர்மானத்தைப் பறிக்கும் முறைமையாகப் புலப்படும்.

சட்ட வரையறை

இந்து திருமணச் சட்டம் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழிக் கொடுமையை மணமுறிவுக்குரிய காரணமாக ஏற்றது; ஆனால் அதனை வரையறுக்கவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, உணர்வுவழித் துன்புறுத்தலை வெளிப்படையாகச் சுட்டுகிறது. எனினும் அது விளக்கமாகத் தருவன இழிவுபடுத்தலும், நெருங்கியவருக்கு உடல் தீங்கு விளைவிப்பதாகத் திரும்பத்திரும்ப மிரட்டுதலுமே. கண்காணித்தல், தனிமைப்படுத்தல் போன்றவை அவ்விளக்கத்தில் பெயர் சுட்டி இடம்பெறவில்லை. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் தொடர் கட்டுப்பாட்டையே தனிக் குற்றமாக்கியமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

தீர்ப்புகளின் போக்கு

சமர் கோஷ் எதிர் ஜெயா கோஷ் (2007) வழக்கில் உச்ச நீதிமன்றம் மனக்கொடுமைக்கு எடுத்துக்காட்டுகளைத் தொகுத்ததுடன், மணவாழ்வை முழுமையாக நோக்கவேண்டும் என்றும் வலியுறுத்தியது. இது வரவேற்கத்தக்க நெறி. ஆனால் தஸ்தானே வழக்கு (1975) வேறொரு சிக்கலை உணர்த்துகிறது. தன்னுயிரை மாய்த்துக்கொள்வதாகவும் வீட்டுக்குத் தீயிடுவதாகவும் மனைவி மிரட்டியது கொடுமையே என நீதிமன்றம் கண்டது. ஆயினும் அதன் பின்னரும் தாம்பத்திய உறவு தொடர்ந்தமையால் கணவர் அதனை மன்னித்து ஏற்றார் எனக் கொண்டு அவரது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

மன்னிப்பு நிபந்தனைக்கு உட்பட்டது, பிந்தைய நடத்தையால் பழைய குறை மீண்டும் உயிர்பெறும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. இருப்பினும் அடிப்படை வினா எஞ்சி நிற்கிறது. சேர்ந்து வாழ்தல் மன்னிப்பின் அடையாளமா, ஒடுக்குமுறையின் விளைவா? வருவாயற்ற மனைவி கணவன் வீட்டிலேயே தங்குவதும், மிரட்டலுக்கு அஞ்சிய கணவன் உடன் வாழ்வதும் விருப்பத்தின் சான்றாகா. இணக்கக் காலமே ஒடுக்குமுறைச் சுழற்சியின் ஒரு கட்டமாக அமையும்போது, அதனை மன்னிப்பாகக் கொள்வது பாதிக்கப்பட்டவரின் பொறுமையையே அவருக்கு எதிரான சான்றாக்கிவிடும்.

சமரசமும் சான்றும்

குடும்பநல நீதிமன்றச் சட்டம், 1984, பிரிவு 9 சமரச முயற்சியைக் கடமையாக்குகிறது. அக்கடமை வழக்கின் தன்மைக்கும் சூழலுக்கும் பொருந்தும் அளவில் மட்டுமே என்னும் வரம்பு அப்பிரிவிலேயே உள்ளது. ஒருவர் மற்றவரின் முகக்குறிப்புக்கே அஞ்சும் நிலையில், இருவரையும் எதிரெதிரே அமர்த்துவது சமனற்ற பேச்சாகவே முடியும்.

சான்று குறித்து விபோர் கார்க் எதிர் நேஹா (2025) தீர்ப்பு முக்கியமானது. இணையர் மறைவாகப் பதிவுசெய்த உரையாடலையும் மணவழக்கில் சான்றாக ஏற்கலாம் என உச்ச நீதிமன்றம் அறிவித்தது. மூடிய அறைக்குள் நிகழும் மிரட்டலை மெய்ப்பிக்க இது துணைபுரியும். அதே வேளையில், ஒட்டுக்கேட்டலும் ஒடுக்குவோரின் கருவியே. பதிவில் உள்ள சொற்களோடு, பதிவுசெய்தவர் யார், எத்தனை காலம், எந்நோக்கில் என்பனவும் ஆராயப்படவேண்டும்.

முடிவுரை

புதிய சட்டம் வரும்வரை நீதிமன்றங்கள் காத்திருக்கவேண்டியதில்லை. முழுமை நோக்கு என்னும் நெறி 2007 முதல் உள்ளது; உளவியல் வல்லுநரின் துணையைப் பெறப் பிரிவு 12 வழிசெய்கிறது; சான்று விதிகளைப் பிரிவு 14 தளர்த்துகிறது. இவற்றை ஒருங்கே பயன்படுத்தி, மன்னிப்பு எனக் கொள்ளுமுன் அது சுதந்திரமாக அளிக்கப்பட்டதா என வினவுவதே உடனடித் தேவையாகும்.