விக்டர் ஏன் கடித்தான்?

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்ற ஒரு பழமொழியை வைத்துக்கொண்டே நாம் எத்தனை தலைமுறையை ஓட்டிவிட்டோம்! அடம், பிடிவாதம், சேட்டை, திமிர் என்று சொற்களுக்கும் பஞ்சமில்லை. எல்லாமே எதிரில் நிற்பவரின் சொற்கள். கத்துகிறவன், கடிக்கிறவன், தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறவள் ஆகியோரின் பக்கத்திலிருந்து அதற்கு என்ன பெயர்? அப்படி ஒரு சொல் நம்மிடம் சட்டென்று இல்லை. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய படம், பிரான்ஸ்வா த்ரூஃபோவின் ‘காட்டுச் சிறுவன்’ (1970).

கதை நிஜத்தில் நடந்தது. பிரான்ஸின் அவேரோன் பகுதிக் காடுகளில் தனியே திரிந்த, பேச்சில்லாத ஒரு சிறுவன் 1800இல் பிடிபடுகிறான். வயது பன்னிரண்டு இருக்கலாம். பாரிஸில் காது கேளாதோருக்கான நிறுவனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஊரே வேடிக்கை பார்க்க வருகிறது. அன்றைய பெரிய மருத்துவர் பினெல் அவனைப் பார்த்துவிட்டு, இவன் பிறவியிலேயே மூளை வளராதவன், தேற மாட்டான் என்று கையை விரித்துவிடுகிறார். ‘இல்லை, இவனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்’ என்று சொன்னவர் இருபத்தாறு வயது இளம் மருத்துவர் ழான் இத்தார். அவனுக்கு விக்டர் என்று பெயர் வைத்து, ஐந்து வருடம் உழைத்து, 1801இலும் 1806இலும் இரண்டு அறிக்கைகள் எழுதினார். படம் அந்த அறிக்கைகளிலிருந்து உருவானது. த்ரூஃபோவே இத்தாராக நடித்தார்.

இதை ஓர் ஆசிரியரின் வெற்றிக் கதையாகக் கொண்டாடுபவர்கள் உண்டு. ஒரு குழந்தையின் காட்டைப் பிடுங்கிய கதை என்று கோபப்படுபவர்களும் உண்டு. இரண்டு பேருமே இத்தாரின் குரலை மட்டும்தான் கேட்கிறார்கள் என்று தோன்றுகிறது. இந்தப் படத்துக்குள் இரண்டு படங்கள் ஓடுகின்றன. ஒன்று, இத்தார் நாட்குறிப்பு எழுதும்போது பின்னணியில் ஒலிக்கும் குரல். அது அளக்கிறது, மதிப்பெண் போடுகிறது, ஏமாற்றமடைகிறது. இன்னொன்று, நெஸ்தோர் அல்மென்றோஸின் கறுப்பு வெள்ளை கேமரா. அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. குரலுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிகிறது.

பால் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விக்டருக்குப் பால் என்றால் உயிர். அவன் ‘லே’ (பிரெஞ்சில் பால்) என்று சொல்லிவிடுகிறான். ஆனால் பால் கைக்கு வந்த பிறகுதான் சொல்கிறான். வேண்டும் என்று கேட்பதற்குச் சொல்லாமல், கிடைத்த சந்தோஷத்தில் சொல்கிறான். இத்தாருக்கு இது போதவில்லை. நாம் பார்ப்பதோ ஒரு பையனின் முகம் மலர்வதை! கொஞ்ச நாளில் அவன் செய்வது இன்னும் அழகு. பால் கிடைக்கும் பக்கத்து வீட்டுக்குப் போகும்போது, அந்தச் சொல்லுக்கான நான்கு எழுத்து அட்டைகளைத் தானாகவே எடுத்துக்கொண்டு போய், அங்கே மேசைமீது வரிசையாக அடுக்குகிறான். யாரும் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லை. தனக்கு வேண்டியதைச் சொல்ல ஒரு வழி கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

ஆனால் பாடம் கூடிக்கொண்டே போகிறது. நேற்றுவரை படத்துக்கும் பொருளுக்கும் ஜோடி சேர்த்தவன் இன்று எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். முடியாதபோது அட்டைகளை வீசுகிறான், தரையில் விழுந்து புரள்கிறான், வலிப்பு மாதிரி உடம்பு முறுக்குகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கெரின் அம்மாள், அவனை ரொம்ப வாட்டுகிறீர்கள் என்று இத்தாரிடமே சொல்கிறார். படத்தில் விக்டரின் கோபத்தைக் காரணத்தோடு பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். ‘ஏன் இவன் இப்படி?’ என்பது இத்தாரின் கேள்வி. ‘இதற்கு முன்னால் என்ன நடந்தது?’ என்பது அந்த அம்மாளின் கேள்வி. கவனிப்புப் பணியின் மொத்த வித்தியாசமும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

இப்போது த்ரூஃபோமீது எனக்குள்ள பெரிய புகாருக்கு வருகிறேன். முதல் அறிக்கையில் ஒரு சம்பவம் உண்டு. விக்டரின் ஆவேசங்கள் அதிகமாகவே, அவனுக்கு உயரம் என்றால் பயம் என்று அறிந்திருந்த இத்தார், ஒருநாள் அவனைத் தூக்கி, மேல்மாடி ஜன்னலுக்கு வெளியே தலைகுப்புறப் பிடிக்கிறார். கீழே இறக்கியதும் பையன் வெளிறிப்போய், நடுங்கிக்கொண்டே சிதறிய அட்டைகளைப் பொறுக்கி அடுக்குகிறான். பிறகு படுக்கையில் விழுந்து அழுகிறான். அவன் கண்ணீர் விட்டதை இத்தார் பார்த்தது அதுதான் முதல்முறை. வழி ஓரளவு பலித்தது என்றே அவர் எழுதுகிறார். படத்தில் இது கிடையாது. ஜன்னல் விக்டருக்கு மிகப் பிடித்த இடம். தண்ணீர்க் கோப்பையோடு அங்கே நின்று, தூரத்து மரங்களைப் பார்த்தபடி சொட்டுச் சொட்டாகக் குடிப்பான். அந்த ஜன்னலைப் படம் வைத்துக்கொண்டது, இந்த ஜன்னலை விட்டுவிட்டது. தான் நடிக்கிற ஆசிரியரைத் த்ரூஃபோ காப்பாற்றிவிட்டார்.

அப்படிக் காப்பாற்றியும், ஒரு காட்சியில் மாட்டிக்கொள்கிறார். படத்தின் உச்சமே அதுதான். விக்டருக்கு நியாயம் அநியாயம் தெரியுமா என்று சோதிக்க வேண்டும். சரியாகச் செய்த வேலைக்கு, வேண்டுமென்றே, இருட்டு அறையில் அடைக்கும் தண்டனையை இத்தார் கொடுக்கிறார். எத்தனையோ முறை அடங்கிப்போன பையன் இந்த முறை திமிறுகிறான், இத்தாரின் கையைக் கடிக்கிறான். இத்தாருக்கு ஒரே ஆனந்தம். கடிபட்ட கையோடு பையனைக் கட்டிக்கொள்கிறார். இந்தக் கடிதான் அவன் மனிதன் என்பதற்குச் சாட்சி என்று குரல் சொல்கிறது.

சரி. ஒரு சந்தேகம் மட்டும். இந்தக் கடி ஒரு வாக்கியம் என்றால், இதற்கு முன்னால் கடித்தது, வீசியது, புரண்டது எல்லாம் என்ன? அவையும் வாக்கியங்கள்தானே? ‘இது கஷ்டமாக இருக்கிறது’, ‘போதும்’, ‘வெளியே போகணும்’. சோதனை என்று தானே ஏற்பாடு செய்துகொண்டதால் இந்த ஒன்றை மட்டும் இத்தாரால் படிக்க முடிந்தது. மற்றவற்றுக்கு அவரிடம் அகராதி இல்லை.

அந்த அகராதி வர நூற்றெண்பது வருடம் ஆனது. 1985இல் அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் நான்கு குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எப்போது இவர்கள் ஆவேசப்படுகிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். வேலை கடினமாகும்போது, அல்லது தங்களை யாரும் கவனிக்காதபோது. பிறகு உதவி கேட்கவும் கவனத்தைக் கேட்கவும் ஒரு சின்ன வாக்கியம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆவேசம் பெருமளவு குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தபோது குறையவில்லை. அதாவது, சும்மா பேச வைத்தால் போதாது. அவர் சொல்ல வந்ததையே சொல்ல வைக்க வேண்டும். தண்டனை இல்லாமல், மரியாதையோடு துணை நிற்கிற இன்றைய அணுகுமுறைகளுக்கு இது ஓர் அடித்தளம். நான்கு எழுத்துகளை மேசையில் அடுக்கி விக்டர் அன்றைக்கே செய்துகாட்டியதும் இதைத்தான்.

‘நல்லா இருக்கு, ஆனா கடிக்கும்போது வலிக்குமே’ என்று நீங்கள் கேட்கலாம். வலிக்கும். அடம் என்று நாம் சொல்வதற்குள் நிஜமான அபாயமும் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறவரின் களைப்பும் இருக்கிறது. மரியாதை என்பது எல்லாவற்றையும் பொறுத்துப்போவது அல்ல. கடி வருவதற்கு முன்பே பாடத்தைச் சுருக்குவது, ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுப்பது, ஜன்னல் பக்கம் போக விடுவது. இதற்கு அடிப்பதைவிட அதிக உழைப்பு வேண்டும், இரண்டாவது ஆளும் வேண்டும். கெரின் அம்மாள் அந்த இரண்டாவது ஆள்.

ஓடிப்போன விக்டர் தானாகத் திரும்பி வந்து, படியேறும்போது இத்தாரைத் திரும்பிப் பார்ப்பதோடு படம் முடிகிறது. நாளைக்குப் பாடம் தொடரும் என்கிறார் இத்தார். நிஜத்தில் பாடங்கள் சீக்கிரமே நின்றுபோயின. 1828இல் விக்டர் இறக்கும்வரை கூட இருந்தவர் கெரின் அம்மாள். அவர் அறிக்கை எதுவும் எழுதவில்லை. இத்தாரின் இரண்டாவது அறிக்கையில் அந்த வீட்டின் ஒருநாள் மட்டும் பதிவாகியிருக்கிறது. கெரினின் கணவர் இறந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் தட்டு வைப்பது விக்டரின் வேலை. வழக்கம்போல அவருக்கும் வைத்தான். அந்த அம்மாள் அழுவதைப் பார்த்தான். தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தத் தட்டை எடுத்து வைக்கவே இல்லை.