நறுக்கிய வெங்காயம்

பயன்பாட்டுத் தமிழ் வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஆளுக்கொரு சிறு பனுவலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் விளம்பரங்களையும் செய்திக் குறிப்புகளையும் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவி மட்டும் ஆங்கிலச் சமையல் குறிப்பு ஒன்றைத் தமிழில் பெயர்த்திருந்தாள். சாசேஜையும் உருளைக்கிழங்கையும் ஒரே தட்டில் பரப்பி ஓவனில் வைத்து எடுக்கும் இரவு உணவு. அமெரிக்க, பிரிட்டிஷ் வீடுகளின் வேலைநாள் இரவுகளுக்கென்றே எழுதப்படுகிற வகை. தலைப்பிலேயே ‘எளிய’, ‘குடும்பத்துக்கான’ என்று இரண்டு அடைமொழிகள் இருந்தன.

அவள் வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி கேட்டாள்: “அம்மா, இதுல ஒரு வாக்கியத்துலகூட எழுவாயே இல்லையே?”

வகுப்பு சிரித்தது. நான் வழக்கமான விடையைச் சொன்னேன். தோன்றா எழுவாய். பரப்பவும், புரட்டிவிடவும், சூடாகப் பரிமாறவும் என்று வந்தால் படிப்பவர் எவரோ அவரையே எழுவாயாக வருவித்துக்கொள்ள வேண்டும். இலக்கணப்படி சரியான விடைதான். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அந்தத் தாளை மறுபடி படித்தபோது, அந்த விடை போதாது என்று பட்டது.

செய்முறையில் ஒளிந்திருப்பவளையாவது வருவித்துக்கொள்ளலாம். அதற்கு மேலே இருக்கிற ‘தேவையான பொருட்கள்’ பட்டியலைப் பாருங்கள். இரண்டாக வெட்டிய உருளைக்கிழங்கு 750 கிராம், நறுக்கிய வெங்காயம் 2, விதை நீக்கிய குடைமிளகாய் 1, தோல் உரித்த பூண்டு 6 பல். வெட்டிய, நறுக்கிய, நீக்கிய, உரித்த என்று நான்கும் இறந்தகாலப் பெயரெச்சங்கள். வேலை முடிந்துவிட்டது. யார் முடித்தார் என்பது வாக்கியத்துக்குத் தேவைப்படவில்லை. செய்தவளின் உழைப்பு வெங்காயத்தின் குணமாக, சிவப்பு, பெரிய என்பது போன்ற ஓர் அடைமொழியாக மாறிவிடுகிறது. ‘தயாரிப்பு நேரம்: 10 நிமிடம்’ என்ற கணக்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியலாம் என்கிறது நன்னூல். செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செய்பொருள் ஆகியவை அந்த ஆறு. நறுக்கிய பெண், நறுக்கிய கத்தி, நறுக்கிய அடுக்களை, நறுக்கிய வேலை, நறுக்கிய பொழுது, நறுக்கிய வெங்காயம். ஆறும் நம் மொழியில் சொல்லக்கூடியவைதான். சமையல் குறிப்பு என்ற இலக்கிய வகை கடைசி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் ஐந்தையும் விட்டுவிடுகிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. குறிப்பு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களே. அவர்களுக்கும் அந்த ஐந்தும் சொல்லத் தேவையில்லாதவையாகத் தெரிகின்றன என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

கோடை விடுமுறையில் அந்தக் குறிப்பைச் செய்துபார்த்தேன். காகிதமும் பேனாவும் அடுக்களை மேடையில் இருந்தன. காலையில் ஃப்ரீசரிலிருந்த சிக்கன் சாசேஜ் பொட்டலத்தை எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்க நினைவு வரவேண்டும். அதை மறந்தால் இரவு உணவே இல்லை. மண் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கைக் கழுவித் துடைத்து வெட்ட, வெங்காயமும் பூண்டும் உரித்து நறுக்க, மேடையைத் துடைக்க எனக்கு 35 நிமிடம் ஆனது. மகனுக்குக் குடைமிளகாய் ஆகாது. தட்டில் அவன் பக்கத்தைப் பிரித்து வைத்தேன். மாமியாருக்கு அன்று கவிச்சி கிடையாது. குக்கரில் சாதமும் ஒரு ரசமும் தனி. ஓவனில் 40 நிமிடம் வெந்துகொண்டிருந்தபோது, ‘கைக்கு வேலையில்லை’ என்று குறிப்பு சொன்ன அந்த 40 நிமிடத்தில், காய்ந்த துணிகளை மடித்தேன், தயிருக்கு உறை ஊற்றினேன், இடையில் ஒருமுறை உருளைக்கிழங்கைப் புரட்டிவிட்டேன். ஒரே பாத்திரம் என்று தொடங்கியது, கழுவும் தொட்டிக்கு வரும்போது ஏழாகியிருந்தது. கொழுப்பு கருகி ஒட்டிய தட்டு மறுநாள் காலைவரை ஊறியது.

சுவையாகத்தான் இருந்தது. எல்லோரும் இன்னொரு துண்டு கேட்டார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாத்திரம் கழுவுவதையாவது கண்ணால் பார்க்கலாம். சாசேஜை எடுத்து வைக்க வேண்டும் என்ற காலை நினைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்காகச் சிந்திக்கும் வேலையை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் ஆண்கள் சேர்ந்துகொள்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள்மேல் விழுகின்றன. அதே 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் சராசரி நேரம் 299 நிமிடம். ஆணுக்கு 97. அதுவும் அந்த வேலையில் ஈடுபடுகிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால். ஒரு நாளை அரைமணித் துண்டுகளாக்கிக் கேட்ட கணக்கு அது. பேருந்தில் நின்றுகொண்டே ‘வீட்டில் தேங்காய் இருக்கிறதா’ என்று யோசிப்பது எந்த அரைமணிக்குள் வரும்?

எளிய சமையலுக்கு நான் எதிரி இல்லை. ஆட்டுக்கல்லுக்குத் திரும்பச் சொல்லும் பழம்பெருமைக்காரர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எளிமை ஒரு காலத்தில் பெண்ணின் கலகமாகவும் இருந்திருக்கிறது. பெக் பிராக்கன் என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளர் 1960இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். சமைப்பதை வெறுக்கிறேன் என்று தலைப்பிலேயே சொன்ன புத்தகம். ஆண் பதிப்பாசிரியர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பெண் பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார். பிறகு அது இலட்சக்கணக்கில் விற்றது. அதில் பெயர்பெற்ற ஒரு குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடி, ஐந்து மணி நேரம் ஓவனில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வதற்கானது. இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போது சமைத்தவள் படுக்கையில் கதைப் புத்தகத்தோடு கிடக்கலாம். அங்கே மிச்சமான நேரம் அவளுடையது. என் மாணவி கொண்டுவந்த குறிப்பிலோ மிச்சமான நேரத்தில் ‘குடும்பத்தோடு மகிழ்ந்திருங்கள்’ என்றிருந்தது. இரண்டும் ஒரே பாத்திரச் சமையல்தான். மிச்சம் போகிற இடம் வேறு.

மிச்சத்தை யார் எடுத்துக்கொள்கிறார் என்ற கேள்வியை அரசியலும் அறியும். நாஜி ஜெர்மனியில் 1933 அக்டோபரில் ‘ஒரே பானை ஞாயிறு’ தொடங்கப்பட்டது. குளிர்கால மாதங்களில் மாதம் ஒரு ஞாயிறு வீடுகளில் மலிவான ஒரே பானை உணவு சமைக்க வேண்டும். அதனால் மிச்சமாகும் பணத்தைக் குளிர்கால நிவாரண நிதிக்குத் தர வேண்டும். வசூலிக்க ஆட்கள் வாசலுக்கே வந்தார்கள். சிக்கனமாகச் சமைத்தவள் அடுக்களையில் இருந்தாள். தியாகம் தேசத்தின் பெயரில் எழுதப்பட்டது.

நம் வீடுகளுக்கு வசூலிக்க யாரும் வருவதில்லை. வரத் தேவையுமில்லை. வீட்டுக் கருவிகள் பெருகப் பெருகத் தாயின் வேலை எப்படிக் குறையாமல் போனது என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு நூலில் விளக்கினார். அடுப்பு மாறியபோது விறகு பிளக்கும் ஆணின் வேலை போயிற்று. சமைப்பவளிடம் எதிர்பார்க்கப்பட்ட வகைகளோ கூடின. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு கிரைண்டர் நினைவுக்கு வந்தது. ஆட்டுக்கல் காலத்தில் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் இருந்த தோசை, கிரைண்டர் வந்த வருடமே தினசரி ஆகிவிட்டது. அம்மாவின் தோள்வலி குறைந்தது உண்மை. அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பதும் உண்மை.

எங்கள் வீட்டில் எளிமை ஒரு வாக்கியமாக வரும். விடைத்தாள் கட்டோடு நான் திரும்பும் நாட்களில் கணவர் பரிவோடுதான் சொல்வார்: “இன்னைக்கு ஈஸியா ஏதாச்சும் பண்ணிக்கலாமே.” அந்த ‘லாமே’க்குள் ஒரு ‘நாம்’ இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிற உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. சாப்பிடும்போது அது பன்மையாகவே இருக்கும். அடுப்பைப் பற்றவைக்கும்போது என்னிடம் வந்து ஒருமையாகிவிடும். ஒருநாள் “யாரு பண்ணிக்கலாம்?” என்று கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, எழுவாய் தெரிய வேண்டியிருந்தது. அவர் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வெங்காயத்தை எடுத்தார். எந்தக் கத்தி, எவ்வளவு பொடியாக, எத்தனை பேருக்கு என்று மூன்று முறை கேட்டார். நறுக்கியது அவர். நறுக்கும் நினைப்பு அன்றைக்கும் என்னிடம்தான் இருந்தது. ஆனாலும் அன்று நான் நான்கு விடைத்தாள் திருத்தினேன்.

அடுத்த வாரம் வகுப்பில் வேறு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் நேற்றுச் செய்த ஏதாவது ஓர் உணவின் செய்முறையை எழுத வேண்டும். எழுவாய் இல்லாத வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பெயரெச்சம் வந்தால் அதைச் செய்தவரின் பெயர் வேண்டும். அம்மா, அம்மா, அம்மா என்று பக்கங்கள் நிறைந்தன. சிலவற்றில் பாட்டி, அண்ணி. விடுதி மாணவிகள் சிலர் ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமையை எழுதி ‘நான்’ என்று தொடங்கியிருந்தார்கள். ஒரு மாணவன் மூன்று வரிகளோடு வந்து நின்றான். “இதுக்கு மேல தெரியலம்மா” என்றான். கேட்டு எழுதிக்கொண்டு வா என்றேன்.

திங்கட்கிழமை நான்கு பக்கங்கள் கொண்டுவந்தான். சாதாரணப் புளிக்குழம்புதான். முதல் பக்கத்தின் உச்சியில், அவன் வாக்கியங்களுக்கு மேலே இருந்த சிறு இடத்தில், வேறு கையெழுத்தில் ஒரு வரி நுழைக்கப்பட்டிருந்தது. அவன் அம்மா படித்துப்பார்த்துச் சேர்த்தாராம்: ‘முந்தின நாள் ராத்திரி நான் மொச்சை ஊறப் போட்டேன்.’